போடிமெட்டுக்கு அப்பால் இரண்டு இரவுகள்

கைத்தறிக்கும் ஏலக்காய்க்கும் உரிய நமது மாத ஏட்டில் மோட்டார் சைக்கிளுக்கு என்ன வேலை என்று மூத்த அங்கத்தினர்கள் சிலர் புருவத்தை நெரிக்கக்கூடும். நெரிப்பதற்கு முன், அடுத்த கூலிப் பட்டுவாடா நாளன்று சங்கக் கட்டடத்தின் வாயிலில் சற்று நின்று பார்க்கும்படி அவர்களைக் கேட்டுக்கொள்கிறோம். ஒரு காலத்தில் சைக்கிள்கள் சாய்ந்து கிடந்த வேப்பமர நிழலில் இப்போது நிற்பவை பெரும்பாலும் பெட்ரோல் குடிப்பவையே. நூல் சிப்பம் போவதும் அதில்தான். பச்சைக்காய்ச் சாக்கு இறங்குவதும் அதில்தான். பெண் பார்க்கப் போவதும் அதில்தான். ஆகவே அது நமது விஷயமன்று என்று ஒதுக்கிவிட முடியாது.

எனினும் நாம் இந்தப் பிரயாணத்தை மேற்கொண்டதற்கு வேறொரு காரணமும் உண்டு. மலைச்சரிவில் நான்கு ஏக்கர் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் நமது அங்கத்தினர் ஒருவர், வயது அறுபதைக் கடந்தவர், ஒருநாள் சங்கத்துக்கு வந்து யோசனை கேட்டார். அவருடைய தோட்டத்தின் மேற்புறத்தில் அரை ஏக்கர் அளவுக்குப் புல்மேடு ஒன்று இருக்கிறது. அதைக் கூடாரம் அடிப்பதற்காக வாடகைக்குத் தருமாறு வெளியூர்க்காரர் ஒருவர் கேட்டிருக்கிறார். சனி, ஞாயிறுகளில் மோட்டார் சைக்கிளில் வரும் இளைஞர்கள் தங்கிப் போவார்களாம். “நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?” என்றார் பெரியவர். பார்க்காத காரியத்தைப் பற்றி என்ன சொல்வது? அச்சமயத்தில் சூரியநெல்லிக்கு மேலே தனியார் தோட்டம் ஒன்றில் பல ஊர் மோட்டார் சைக்கிள்காரர்கள் கூடுகிறார்கள் என்று பெரியவருடைய சகோதரி மகன் செய்தி கொண்டுவந்தான். போய்ப் பார்த்துவிட்டே பேசுவோம் என்று முடிவாயிற்று.

தை மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை, விடிவதற்கு முன் புறப்பட்டோம். ஐந்து பேர், மூன்று வண்டிகள். ஆண்டிபட்டிப் பக்கத்து நெசவாளர் ஒருவர், போடியில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவர், பெரியவர், அவருடைய மருமகப் பிள்ளை, நாம். பெரியவர் கம்பளிக் குல்லாயைக் காது மறைய இழுத்துவிட்டுக்கொண்டு பின் இருக்கையில் அமர்ந்தார். தலைக்கவசத்தை அதற்குமேல் மாட்டுவதற்குள் மெக்கானிக்குக்கு வியர்த்துவிட்டது.

மூன்று வண்டிகளில் இரண்டு புல்லட்டுகள். இந்த வண்டியின் கதை நமது மாகாணத்தின் கதையுமாகும். இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்துக் கம்பெனியுடன் சேர்ந்து 1955-ஆம் ஆண்டில் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா கம்பெனி தொடங்கப்பட்டது. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. எல்லைப்புற ராணுவத்துக்குத் தேவைப்பட்ட வண்டி அது. தாய்க் கம்பெனி பின்னாளில் இங்கிலாந்தில் கதவடைத்துவிட்டது. பிள்ளை மட்டும் திருவொற்றியூரில் பிழைத்திருந்தது. 1990-களின் தொடக்கத்தில் இதுவும் நொடிக்கும் நிலைக்கு வந்து, 1994-இல் ஐஷர் கம்பெனியுடன் இணைந்து மீண்டது. நமது மெக்கானிக் அன்பர் இதை ஒரு புராணம்போலச் சொல்லிக்கொண்டு வருவார். பழைய வண்டியில் கியர் மிதி வலப்புறம், பிரேக் இடப்புறம் என்பதை மறந்து தாம் ஒருமுறை ஒரு கரும்பு வண்டிக்குள் புகுந்த சம்பவத்தையும் அதன் நடுவே சேர்த்துவிடுவார்.

முந்தலில் சோதனைச் சாவடியைக் கடந்ததும் மலை தொடங்குகிறது. போடியிலிருந்து போடிமெட்டு சுமார் 26 கிலோமீட்டர். இடையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். உச்சியில் ஏறத்தாழ 4,500 அடி உயரம். கொச்சியிலிருந்து மூணாறு, தேனி, மதுரை வழியாகத் தொண்டி செல்லும் 85-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இது. மேலே போகப் போகக் கீழே போடி நகரம் ஒரு விளக்குத் தட்டுப்போலத் தெரிந்தது. நமது நெசவாளர் அன்பர், “தறியில் நாடா ஓர விளிம்பு வரை போய்த் திரும்புகிறதே, அதைப்போலல்லவா இந்தச் சாலை திரும்புகிறது!” என்று வியந்தார். நாடா தடம் மாறினால் இழைதான் அறும். இங்கே அறுவது வேறு.

அந்த வேறு, எட்டாவது வளைவுக்கு மேலே எங்களுக்கே நேர இருந்தது. அந்நேரத்தில் அந்தச் சாலையில் போகிறவர்கள் உல்லாசப் பிரயாணிகள் அல்லர். போடி, தேவாரம் வட்டாரத்துக் கிராமங்களிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்காக இடுக்கி மாவட்டத்துக்குப் போகும் பெண்மக்கள் ஜீப்புகளில் நெருக்கியடித்து உட்கார்ந்து விடியலுக்கு முன்பே மலையேறுகிறார்கள். பொழுது சாய்ந்து திரும்புகிறார்கள். அத்தகைய ஜீப்பு ஒன்றின் பின்னால் சிறிது தூரம் சென்ற நமது இளைஞன், பொறுமையிழந்து வளைவிலேயே அதை முந்தினான். எதிரே ஒரு பால் வண்டி. அவன் இடப்பக்கம் ஒடித்து ஜீப்பின் முன்னே புகுந்துவிட்டான். ஜீப்போட்டி மிதித்த மிதியில் டயர் கிறீச்சிட்டது. உள்ளேயிருந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தனர். ஒரு தூக்குவாளி உருண்டு சாலையில் கவிழ்ந்தது. யாருக்கும் காயமில்லை. அதை நமது சாமர்த்தியம் என்று கூறமாட்டோம். ஜீப்போட்டியின் கால் வேகம் என்றே கூறவேண்டும்.

போடிமெட்டில் தேநீர்க் கடை முன் அந்த ஜீப்பும் நின்றது. கடைக்காரர் உட்பட எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மையார் ஒருவர் காலி வாளியுடன் இறங்கி வந்தார்.

“எங்க கஞ்சியைக் கொட்டிட்டு அப்படி என்னய்யா அவசரம்? நாங்க பொழைக்கப் போறோம். நீங்க பொழுது போக்கப் போறீக. யாரு முந்திப் போகணும்?”

இளைஞன் தலை குனிந்தான். பெரியவர் மன்னிப்புக் கேட்டு மடியிலிருந்து பணம் எடுத்தார். அம்மையார் அதைத் தொடவில்லை. கடையிலிருந்து இட்லிப் பொட்டலம் வாங்கிக் கொடுத்தபோது மட்டும் பெற்றுக்கொண்டார். “வளைவு வந்தா ஆரன் அடிச்சு நில்லு தம்பி. உன் ஆத்தாளும் இப்படி ஒரு ஜீப்புல போயிருப்பா” என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார். உண்மையில் அவ்விளைஞனின் தாயார் இருபது ஆண்டுகள் காய் எடுக்கப் போனவர்தாம். அந்த அம்மையாருக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை.

அதன்பின் பூப்பாறை வரை யாரும் வாய் திறக்கவில்லை. மெட்டுக்கு அப்பால் மூணாறு வரையுள்ள சுமார் 42 கிலோமீட்டர்ச் சாலை அகலப்படுத்தப்பட்டு 2024 ஜனவரியில் திறந்துவைக்கப்பட்டது. சாலை நன்றாயிருப்பது வேகத்துக்கு அழைப்பு என்று இளைஞர்கள் எண்ணுகிறார்கள். இருபுறமும் மர நிழலில் ஏலச்செடிகள். காய் எடுப்பு முடியும் பருவம். ஸ்டோர்களின் புகைபோக்கிகளிலிருந்து அந்த மணம்.

சூரியநெல்லிக்கு மேலே குறித்த இடத்தை அடைந்தபோது நூற்றுக்குக் குறையாத வண்டிகள் அங்கே வரிசையாக நின்றன. மதுரை, கோயம்புத்தூர், கொச்சி, பெங்களூர் என்று பல ஊர் எண்கள். வந்திருந்தவர்களில் வங்கி உத்தியோகஸ்தர், பல் வைத்தியர், மளிகைக் கடைக்காரர், தாயும் மகளுமாக இரண்டு பெண்மணிகள் எனப் பலதரத்தாரும் உண்டு. முதல் வேலையாக ஒருவருடைய வண்டியை மற்றவர் சுற்றிவந்து பார்க்கிறார்கள். மாட்டுச் சந்தையில் பல் பிடித்துப் பார்ப்பதற்கும் இதற்கும் அதிக வித்தியாசமில்லை. நமது மெக்கானிக் அன்பர் கால்மணி நேரத்துக்குள் மூன்று வண்டிகளின் கிளட்ச் கம்பியைச் சரிசெய்து கொடுத்துப் பெரிய புள்ளியாகிவிட்டார்.

இவ்வாறு கூடுவது புதிய வழக்கமன்று. ஜெர்மனியில் 1956-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஸ்டுட்கார்ட் நகருக்கருகில் ‘யானைக் கூட்டம்’ என்ற பெயரால் ஒன்று தொடங்கிற்று. சுண்டாப் என்ற கம்பெனியின் கனத்த பச்சை வண்டியை அங்கே ‘பச்சை யானை’ என்று செல்லமாக அழைத்தார்கள். அதனால் வந்த பெயர். பிற்காலத்தில் பவேரியக் காட்டுப் பகுதிக்கு அது இடம் மாறியது. உறைபனியில் வைக்கோலைப் பரப்பி அதன்மேல் கூடாரம் அடித்துத் தூங்குகிறார்களாம்! பிரிட்டனில் வேல்ஸ் பிரதேசத்தில் 1962-இல் தொடங்கிய ‘டிராகன்’ கூட்டமும் குளிர்காலத்தில் நடப்பதே. நமது நாட்டில் சென்னை மோட்டார் விளையாட்டுச் சங்கம் 1953-இல் அமைந்து, சோழவரத்தில் யுத்த காலத்து விமான ஓடுபாதையில் பந்தயங்களை நடத்தியது முதியவர்களுக்கு நினைவிருக்கும். கோவாவில் ஆண்டுதோறும் கூடுவது இன்றைய தலைமுறையின் வழக்கம். பந்தயம் வேறு, கூட்டம் வேறு. கூட்டத்தில் யாரும் ஜெயிப்பதில்லை. கதை பேசி, உண்டு, உறங்கித் திரும்புகிறார்கள். அது நமக்குப் பிடித்திருந்தது என்பதை ஒளிக்க வேண்டியதில்லை.

கூடாரத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். நெசவாளருடன் போனால் துணியைப் பார்க்காமல் வரமுடியுமா? அங்கிருந்த கூடாரங்கள் அநேகமாக நைலான், பாலியஸ்டர் வகை. கைக்குள் அடங்கும் எடை. மழை புகாதபடி ஒரு பூச்சு. அவற்றின் நடுவே பழைய பருத்தி கான்வாஸ் கூடாரம் ஒன்றும் இருந்தது. நமது அன்பர் அதன் விளிம்பைத் தேய்த்துப் பார்த்து, பாவும் ஊடையும் இரண்டிழை முறுக்கு நூல் என்று அங்கேயே தீர்ப்புச் சொன்னார். அதன் சொந்தக்காரர் ஒரு விஷயம் விளக்கினார். பருத்தி நனைந்தால் நூல் பருக்கும். பருத்த நூல்கள் இடைவெளியை அடைத்துக்கொள்ளும். அதனால் முதல் மழைக்குச் சற்றுக் கசிந்தாலும் பிறகு கசியாது. ஆனால் ஈரத்திலிருக்கும்போது உட்புறத்தில் விரலால் தொட்டுவிட்டால் அந்த இடத்தில் நீர் இறங்கத் தொடங்கிவிடும். நைலான் நனையாது, அதற்கு மூச்சும் இல்லை. இரவெல்லாம் நாம் விட்ட மூச்சு உட்புறத்தில் பனித்துளியாகப் படிந்து, விடியற்காலையில் நமது முகத்திலேயே சொட்டியது. கான்வாஸில் உறங்கியவர் உலர்ந்த முகத்துடன் எழுந்து வந்தார். எடையோ நான்கு மடங்கு; அதை வண்டியில் கட்டியவர் பாடு அவருக்குத்தான் தெரியும்.

சச்சரவு இரவு உணவுக்குப்பின் தொடங்கியது. கூட்டத்தை நடத்தியவர்கள் மைதானத்தின் நடுவே விறகு அடுக்கியிருந்தனர். சொக்கப்பானை அளவுக்கு உயரம். குளிரோ கடுமை. நான்கு பாகம் தூரத்தில் காய்ந்த போதைப்புல் இடுப்பளவு நிற்கிறது. காற்று மேட்டிலிருந்து சரிவு நோக்கி வீசுகிறது. பெரியவர் எழுந்து போய், “இதைக் கொளுத்தக் கூடாது” என்றார்.

“பெரியவரே, ஒவ்வொரு வருஷமும் போடுகிறோம், பக்கத்தில் தண்ணீர் வைத்திருக்கிறோம்” என்றார் ஓர் இளைஞர். பார்த்தோம்: இரண்டு வாளி.

பெரியவர் கிழக்கே கை நீட்டினார். இருட்டில் ஒன்றும் தெரியவில்லை. அங்கே கொழுக்குமலைக்குக் கீழே குரங்கணி. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை, சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்தும் மலையேற வந்தவர்கள் கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கும்போது காய்ந்த புல்லில் தீ சூழ்ந்துகொண்டது. சிகிச்சை பலனின்றிப் பின்னர் இறந்தவர்களையும் சேர்த்து 23 உயிர்கள் போயின. அதன்பிறகே மாநில அரசு மலையேற்றத்துக்கென அதே ஆண்டில் தனி விதிகளை வகுத்தது. அன்று தீயின் செய்தி கேட்டுக் குரங்கணிப் பக்கத்திலிருந்து ஓடியவர்களில் பெரியவரும் ஒருவர். கம்பளியில் தூளி கட்டி ஆட்களை இறக்கினார்களாம். “புல்லு எரியும்போது ஓடுறவனைவிட வேகமா ஓடும் தம்பி. சரிவுல மேல் நோக்கி ஏறினா இன்னும் வேகம். நான் பார்த்தேன்” என்றார். குரல் உயரவில்லை. கூட்டம் சற்று நேரம் சும்மாயிருந்தது.

பிறகு விவாதம் நடந்தது. பணம் கட்டி வந்தவர்களுக்கு நெருப்பில்லாமல் என்ன கூட்டம் என்றார் ஒருவர். பல் வைத்தியர் பெரியவர் பக்கம் பேசினார். முடிவில் விறகைக் கலைத்துவிட்டு, சமையல் கொட்டகையின் சிமெண்டுத் தரையில் ஒரு இரும்புச் சட்டியில் கரி மூட்டினார்கள். சிலர் முகம் சுளித்து முன்னதாகவே தூங்கப் போனார்கள். நாம் நள்ளிரவு வரை சட்டியைச் சுற்றியே இருந்தோம்.

தூக்கம் வராததற்கு யானையும் ஒரு காரணம். ஜெர்மானியரின் யானை இரும்பு. சின்னக்கானல் பக்கத்து யானை மெய்யானது. அரிசிக்காகக் கடைகளை உடைத்த அரிக்கொம்பனை 2023 ஏப்ரலில் அங்கேதான் பிடித்தார்கள்; அது மே மாதக் கடைசியில் கம்பம் நகருக்குள்ளேயே வந்து நின்றதும், ஜூனில் மீண்டும் பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்கு அனுப்பப்பட்டதும் நமது வாசகர்கள் அறிந்ததே. 2021 ஜனவரியில் வயநாட்டு மேப்பாடியில் கூடாரத்தில் தங்கியிருந்த ஒரு பெண்மணி யானை தாக்கி மாண்டார். துணிச்சுவர் யானைக்குச் சுவரன்று. இரவு இருமுறை வெளியே ஏதோ மரம் ஒடிகிற சப்தம் கேட்டது. காலையில் பார்த்தால் எங்கள் மெக்கானிக் அன்பர் கூடாரத்தை விட்டுவிட்டுச் சமையல் கொட்டகைக்குள் சுருண்டு கிடந்தார்.

ஞாயிறு விடியலில் கொழுக்குமலைக்குப் போனோம். சூரியநெல்லியிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர், கல் பெயர்ந்த பாதை, ஜீப்பில்தான் போகவேண்டும். மோட்டார் சைக்கிள் வீரர்கள் அனைவரும் சாக்குமூட்டைபோலக் குலுங்கிப் போனார்கள். கிட்டத்தட்ட 7,900 அடி உயரத்தில், நமது தேனி மாவட்ட எல்லைக்குள், 1930-களில் எழுந்த தேயிலைத் தொழிற்சாலை பழைய முறையிலேயே இலை உருட்டுகிறது. நமது மண்ணுக்குப் போக அண்டை மாநிலத்தின் வழியே வரவேண்டியிருப்பது ஒரு வேடிக்கை. கீழே மேகத்தின் மீது சூரியன் வந்ததைப் பற்றி எழுத நமக்குத் திறமை போதாது. பாறை இடுக்குகளில் கிடந்த தண்ணீர்ப் புட்டிகளைப் பற்றி எழுதத் திறமை வேண்டியதில்லை. அந்த இளைஞன் ஒரு சாக்கு நிறையப் பொறுக்கினான்.

அங்கே நின்றபடி பெரியவர் வடக்கே டாப் ஸ்டேஷன் இருக்கும் திக்கைக் காட்டினார். மூணாற்றுத் தேயிலை போடிக்கு வந்த வழி அது. 1902-இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் மாடுகள் இழுக்கும் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடியது. 1908-இல் சிறிய ரயிலாக மாறியது. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் அடியோடு போயிற்று. ரயில் கொண்டுவந்த பெட்டிகளை டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவழியாகக் குரங்கணிப் பக்கம் இறக்கி, அங்கிருந்து மாட்டுவண்டியில் போடிக்குக் கொண்டுவந்தார்கள். போடிக்கே ரயில் 1928-இல்தான் வந்தது. அகலப்பாதை வேலைக்காக நின்றுபோன அந்த ரயில், 2023 ஜூன் 15 அன்று மீண்டும் ஓடத் தொடங்கியது. ஒற்றைத் தண்டவாளத்தில் மாடு இழுத்த ஊருக்கு மோட்டார் சைக்கிள் ஒன்றும் அதிசயமில்லை.

மாலையில் இறங்கிவிட எண்ணினோம். பூப்பாறைக்கு வருவதற்குள் மூடுபனி இறங்கிவிட்டது. முன் வண்டியின் சிவப்பு விளக்கே தெரியவில்லை. பெரியவர் தமது உறவினர் ஒருவரின் ஏலக்காய் ஸ்டோரில் தங்க ஏற்பாடு செய்தார். கூடாரத்தைவிட அது எவ்வளவோ மேல். கீழே அடுப்பு, மேலே தட்டுகளில் காய், சுவரெல்லாம் இளஞ்சூடு. ஐந்து கிலோ பச்சைக்காய் ஓர் இரவும் பகலும் உலர்ந்து ஒரு கிலோவாகும் அந்த அறையின் வாசலில் உட்கார்ந்து, அரை ஏக்கர் விஷயத்தைப் பேசினோம்.

மருமகப் பிள்ளையின் வாதம் எளியது. விலை ஏறினால் ஏறும். 2019-இல் ஏலத்தில் ஒரு கிலோ ரூபாய் 7,000 வரை போன அதே காய், பிறகு எங்கே விழுந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். மழை பொய்த்தால் சரம் காய்கிறது. வாடகை மட்டும் மாதந்தோறும் வரும். இதில் நியாயம் இல்லையென்று நாம் சொல்லமாட்டோம். படித்த பிள்ளைகள் மலையை விட்டு இறங்கிப் போகாமலிருக்க ஏதாவது வேண்டும். பெரியவரின் பதிலும் எளியது. புல்மேட்டுக்குக் கீழே அவருடைய தோட்டம் மட்டுமன்று, வேறு ஆறு பேருடைய தோட்டங்களும் இருக்கின்றன. நெருப்பு பட்டா எண் பார்த்து நிற்காது. வாடகை அவருக்கு, ஆபத்து ஏழு பேருக்கு. நெசவாளர் அன்பர் கேட்ட கேள்விதான் காரியத்துக்கு உதவியது: “புல்மேட்டைக் கொடுப்பானேன்? காய் இல்லாத மாதங்களில் உங்கள் ஸ்டோர் சும்மாதானே கிடக்கிறது? சுவரும் கூரையும் உள்ள இடத்தில் பத்துப் பேர் படுக்கட்டுமே.”

பெரியவர் வெகுநேரம் யோசித்தார். உரிய அனுமதி பெற்று, மற்ற ஆறு தோட்டக்காரர்களின் சம்மதத்துடன், காய் எடுப்பு ஓய்ந்த பின் ஸ்டோரைத் தங்குமிடமாக விடலாமா என்று சங்க நிர்வாகக் கமிட்டியில் கேட்பதென்றும், புல்மேட்டைத் தருவதில்லை என்றும் கடைசியில் சொன்னார். அடுப்பைத் தவிர வேறெங்கும் தீ கிடையாது என்பது அவருடைய நிபந்தனை. மருமகனுக்கு முழுத் திருப்தியில்லை. இரவு வெகுநேரம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.

திங்கள் விடியலில் பனி விலகியிருந்தது. இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பினால் சூடேறிப் பிடிக்காமற்போகும். எந்தக் கியரில் ஏற வேண்டுமோ அதே கியரில்தான் இறங்க வேண்டும் என்று மெக்கானிக் அன்பர் மெட்டில் வண்டிகளை நிறுத்தி மறுபடியும் சொன்னார். மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்கே முதலிடம் என்பது சட்டமும்கூட. இளைஞன் இம்முறை முன்னால் போனான். ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்து, ஓரமாக நின்று, ஜீப்புகளுக்கு வழி விட்டான். புலியூற்றுக்கு அருகில் ஒரு ஜீப்பு எங்களைக் கடக்கும்போது, உள்ளேயிருந்து ஒரு கை தூக்குவாளியை உயர்த்திக் காட்டியது. அதே அம்மையார்தானா என்று முகம் தெரியவில்லை. முந்தலுக்குள் 43 ஜீப்புகள் என்று அவன் எண்ணி வைத்திருந்தான். நாங்கள் போடி வந்து சேர்ந்தபோது மணி எட்டு. நெசவாளர் அன்பர் தேநீருக்குக்கூட நிற்காமல் தறிக்குப் போய்விட்டார்.